ஆபரேஷன் தியேட்டருக்குள் நம் பிள்ளைகள்



உங்கள் இல்லத்தில் எவரேனும் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டதுண்டா? இல்லை என்று சொல்லும் குடும்பம் இன்று அரிது. மகளின் பிரசவமோ, தந்தையின் குடலிறக்கமோ, தோல் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கிய தம்பியின் விரலோ, ஏதோ ஒரு காரணத்திற்காக அந்த இரட்டைக் கதவின் முன்னே தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு நாம் நின்றிருக்கிறோம். அறுவை செய்யும் டாக்டரின் பெயர் நமக்குத் தெரியும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முதல்நாள் மாலையே வந்து நாலு கேள்வி கேட்டுச் சென்றிருப்பார். ஆனால் உள்ளே இன்னொருவர் இருக்கிறார். நோயாளி உள்ளே வருமுன்னரே வந்து, நோயாளி வெளியேறிய பின்பும் அங்கேயே நிற்பவர். அவருடைய பெயரை நாம் கேட்பதில்லை. என்ன படித்தார் என்றும் கேட்பதில்லை.

அவரைத்தான் தியேட்டர் டெக்னீஷியன் என்கிறார்கள். இக்கட்டுரை அவரைப் பற்றியது; அவராக ஆக விரும்பும் நம் பிள்ளைகளைப் பற்றியது.

சில மாதங்களுக்கு முன் ஆம்பூரில் உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அண்டை வீட்டுத் தாயொருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். தாய் ஷூ தொழிற்சாலையில் அப்பர் தைக்கும் பிரிவில் வேலை செய்பவர். மகள் பிளஸ் டூ முடித்தவள். ஆறு மாதம் கைப்பேசியில் பாடம் கேட்டு, “ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி” என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட ஒரு சான்றிதழைப் பெற்றிருந்தாள். அந்த ஆண்டு கிடைத்த போனஸ் முழுவதும் அதற்கே போயிற்று. அச்சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலூரிலும் ஆம்பூரிலுமாக மூன்று மருத்துவமனைகளுக்குப் போனார்கள். மூன்று இடங்களிலும் ஒரே கேள்வி: “எந்தப் பல்கலைக்கழகம்? எந்த மருத்துவமனையில் பயிற்சி?” இரண்டிற்கும் அவளிடம் பதில் இல்லை.

அந்தப் பெண் சோம்பேறி அல்லள். அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். இடுக்கிகளின் பெயர்கள், கத்தரிகளின் பெயர்கள், தையல் நூல்களின் வகைகள் எல்லாம் அழகிய கையெழுத்தில் படம் வரைந்து எழுதப்பட்டிருந்தன. பாடத்தை அவள் படித்திருக்கிறாள். அவள் படித்தது அந்தத் தொழில்தானா என்பதே கேள்வி.

உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். வேலூரில் நெடுங்காலம் அறுவை அரங்கில் பணியாற்றிய சகோதரி ஒருவர் எனக்குப் பொறுமையாக எடுத்துரைத்தார். நம் வீடுகளில் அதிகம் நிகழும் சிசேரியனையே எடுத்துக்கொள்வோம்.

தாய் உள்ளே வருமுன் மயக்க மருந்து இயந்திரம் பரிசோதிக்கப்பட வேண்டும். குழாய் வழி வரும் ஆக்சிஜனின் அழுத்தம் சரியா? அது நின்றுபோனால் மாற்று சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா? சளியையும் குருதியையும் உறிஞ்சும் சக்‌ஷன் இழுக்கிறதா? தொண்டையைத் திறந்து பார்க்கும் கருவியின் விளக்கு எரிகிறதா? இந்த விளக்கு அற்பமாகத் தோன்றும். மூச்சு நின்ற ஒருவருக்குக் குழாய் செலுத்தும் வேளையில் அது எரியாவிட்டால் மாற்று விளக்கைத் தேட நேரமிராது.

முதுகில் ஊசி போடும்போது தாய் முன்புறம் குனிந்து அசையாமல் அமர வேண்டும். அப்பொழுது அவளுடைய தோள்களைப் பிடித்துக்கொண்டு, “பயப்படாதீர்கள் அம்மா, அசையாதீர்கள்” என்று சொல்பவர் பெரும்பாலும் டெக்னீஷியன்தான். படுத்தபின் வலப்புற இடுப்பின் கீழ் ஒரு சிறு திண்டு வைக்கப்படும். உடல் சற்றே இடப்பக்கம் சாயும். ஏன் தெரியுமா? நிறைமாதக் கருப்பையின் பாரம், இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெருநாளத்தை அழுத்தும். நிமிர்ந்து படுத்தால் தாயின் இரத்த அழுத்தம் திடீரென விழும்; வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் இரத்தம் குறையும். ஒரு சிறு திண்டுதான். அதை வைக்க மறந்தாலும், எதிர்ப்பக்கம் வைத்தாலும் விபரீதமே.

பிறகு மின்சாரத்தால் இரத்தக் கசிவை அடைக்கும் காட்டரிக் கருவி. அதன் தகட்டை நோயாளியின் தொடையில் முழுமையாகப் படியுமாறு ஒட்ட வேண்டும். பாதி ஒட்டி, பாதி எழும்பி நின்றால் அந்த இடத்தில் தோல் வெந்துபோகும். அறுவை நன்றாக முடிந்தும் தொடையில் தீப்புண்ணோடு வீடு திரும்புவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது கணக்கு. எத்தனை பஞ்சுத் துணிகள், எத்தனை ஊசிகள், எத்தனை கருவிகள் என்று தொடங்குமுன் நர்ஸும் உடனிருப்பவரும் உரக்க எண்ணிப் பலகையில் எழுதுவார்கள். வயிற்றை மூடுமுன் மீண்டும் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும்வரை தையல் முடியாது. தொழிற்சாலையில் ஜோடி எண்ணிக்கை தவறினால் பெட்டியை மூட விடமாட்டார்கள் என்பதை அந்தத் தாய் நன்கு அறிவார். இங்கே தவறினால் உள்ளே நின்றுபோவது ஒரு மனித வயிற்றில்.

கருவிகளைத் தூய்மை செய்வதையே தனிக் கலை என்று சொல்லலாம். நீராவிக் கலத்தில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் என்பது பொதுவான அளவு. பொட்டலத்தின் மேல் ஒட்டிய நாடாவில் கருங்கோடுகள் தோன்றிவிட்டால் எல்லாம் சரி என்று புதியவர்கள் எண்ணிவிடுவார்கள். அந்த நாடா சொல்வதெல்லாம் பொட்டலம் கலத்திற்குள் சூடேறியது என்பதை மட்டுமே. நீராவி துணியின் உள்மடிப்புவரை சென்றதா என்பதை உள்ளே வைத்த வேறொரு குறிகாட்டிதான் சொல்லும். கலத்தில் நெருக்கமாகத் திணித்து அடுக்கினால் வெளியே கோடு கறுத்திருக்கும். உள்ளே கிருமி உயிரோடிருக்கும்.

மேடைகளில் நாம் குர்துபா நகரத்து அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவியைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அப்பெருமகனார் 30 பாகங்கள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் மருத்துவக் களஞ்சியத்தின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கி, ஏறத்தாழ 200 கருவிகளைப் படத்துடன் விளக்கினார். பெருமை நியாயமானதே. ஆனால் அந்தக் கருவிகளின் வாரிசுகளைக் கழுவி, அடுக்கி, எண்ணி, உரிய நொடியில் டாக்டரின் கையில் வைக்கும் பணிக்கு நம் வீடுகளிலிருந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று எந்த மேடையிலும் கேட்கக் காணோம்.

2008ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் அறுவை அரங்குகளுக்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளியை வெளியே அனுப்புமுன் என்று மூன்று வேளைகளில் உரக்க வாசித்துச் சரிபார்க்க வேண்டியது அது. புது டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்துப் பார்த்த முடிவு 2009 ஜனவரியில் வெளியாயிற்று. அறுவைக்குப் பின் நேர்ந்த மரணங்கள் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தன. கடும் சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாயின. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. உள்ளே நிற்பவர்கள் ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

வாசகர்களே, இனிச் சொல்லுங்கள். திண்டு எந்தப் பக்கம் என்பதைக் கைப்பேசியில் படிக்கலாம். ஊசி போடும் வேளையில் நடுங்கும் ஒரு தாயின் தோளை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதைப் படிக்க முடியுமா? வேலையோடுதான் இத்தொழிலைக் கற்க முடியும்.

இப்படி வேலையோடு கற்றவர்களுக்கு வேலூரிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1890களில் திண்டிவனத்தில் ஓர் இரவு, மிஷனரி டாக்டர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணின் வாயிலில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து நின்றார்கள். ஒருவர் பிராமணர், மற்றொருவர் முஸ்லிம், மூன்றாமவரும் உயர்குலத்து இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். “என் தந்தை டாக்டர், அவர் வருவார்” என்றாள் அப்பெண். அந்நிய ஆடவர் வேண்டா என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் வேலூரில் சிறு அளவில் சிகிச்சை தொடங்கி, 1902இல் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வித்து அதுவே. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971இல் நடந்தது அங்கேதான்.

அம்மருத்துவமனையின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் சொல்லப்படுகிறது. டாக்டர் ஐடா தம் முதல் அறுவையைச் செய்தபோது அருகில் துணை நின்றவர் பங்களா பட்லரின் மனைவி. நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் இல்லை. சமையற்கட்டுக்குப் பழகிய ஒரு பெண்மணியின் கைகள்தாம் இருந்தன. அன்று அது போதுமானதாக இருந்தது. இன்று போதாது. இன்று சட்டமும் அதற்கு இடங்கொடுப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. மயக்க மருந்துத் துறை உதவியாளர்களும் அறுவை அரங்கத் தொழில்நுட்பர்களும் அதன் பட்டியலில் இருக்கின்றனர். டிப்ளமோவாக இருப்பினும் பட்டமாக இருப்பினும் இத்தகைய தொழிலுக்கான படிப்பு 2000 மணி நேரத்திற்குக் குறையாமலும், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. தகுதி பெற்றோரின் பதிவேடு ஒன்றும் மாநில மன்றங்களும் அச்சட்டத்தில் உண்டு. 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு இன்னும் தெளிவாகப் பேசியது: அச்சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர முறையிலோ இணைய வழியிலோ நடத்தலாகாது, அவ்வாண்டு முதலே மாணவரைச் சேர்க்கலாகாது.

ஆகவே, “வீட்டிலிருந்தபடியே ஆறு மாதத்தில் தியேட்டர் டெக்னீஷியன்” என்று உங்கள் கைப்பேசிக்கு வரும் விளம்பரத்தை இந்த இரண்டு ஆண்டு, 2000 மணி என்னும் தராசில் வைத்துப் பாருங்கள். தட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். வளைகுடாவை மனத்தில் வைத்துப் படிப்போர் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே மருத்துவத் துறையில் சேருமுன் உங்கள் சான்றிதழை, அதை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாக விசாரித்துச் சரிபார்க்கிறார்கள். பொன்னெழுத்து அங்கே உதவாது.

இணையமே தீது என்று நான் சொல்லவரவில்லை. பிரிட்டனில் இத்தொழிலுக்கு ‘ஆபரேட்டிங் டிபார்ட்மென்ட் பிராக்டிஷனர்’ என்று பெயர். மயக்கம், அறுவை, மயக்கம் தெளியும் பகுதி ஆகிய மூன்றிலும் பயின்றவர் அவர். 2004ஆம் ஆண்டு முதல் அரசுச் சட்டப்படியான பதிவேட்டில் பெயர் இருந்தாலன்றி எவரும் அப்பெயரைச் சூடிக்கொள்ள முடியாது. அங்கே ஊதியம் பெற்றுக்கொண்டே கற்கும் பயிற்சிமுறை ஒன்று உண்டு. மருத்துவமனை முதலில் ஒருவரை வேலைக்கு எடுக்கிறது. பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து படிக்க வைக்கிறது. பாடங்களில் ஒரு பகுதியை இணையத்தில் படிக்கிறார்கள். ஆயினும் கற்றலின் பெரும்பகுதி அறுவை அரங்கில், அனுபவமுள்ளவரின் கண்முன்னே நடைபெறுகிறது. அவர் கையெழுத்திட்டால்தான் அடுத்த படி.

இங்கு வேலூரிலும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி குடும்ப மருத்துவத்தில் தொலைதூரக் கல்வி நடத்தியதுண்டு. அது ஏற்கெனவே டாக்டர் பட்டம் பெற்று நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கானது; அதிலும் நேரில் வந்து பயில வேண்டிய நாட்கள் இருந்தன. இரண்டிலும் திரைக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை நின்றது. ஆம்பூர்ப் பெண்ணின் திரைக்குப் பின்னால் ஒரு வங்கிக் கணக்கு மட்டுமே இருந்தது.

அவ்வாறாயின் நம் பிள்ளைகளுக்கு வழி எது? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ‘ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீஷியா டெக்னாலஜி’ என்னும் பி.எஸ்ஸி. பட்டப்படிப்பு இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் தனியார் கல்லூரிகளிலும் இது நடக்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் வகுப்புகளும் நெடுங்காலமாக இருந்துவந்தன. புதிய சட்டத்தின் அளவுகோலை நினைக்கும்போது, பட்டம் அல்லது இரண்டாண்டுக்குக் குறையாத டிப்ளமோவை நாடுவதே விவேகம். சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்தப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஆகவே முடிவு பிளஸ் டூ முடிந்தபின் எடுப்பதன்று. பத்தாம் வகுப்பு முடிந்த அந்த ஒரு வாரத்தில் எடுக்க வேண்டியது. “பெண்பிள்ளைதானே, காமர்ஸ் போதும்” என்று அந்த வாரத்தில் வீட்டிற்குள் சொல்லப்படும் ஒரு வார்த்தை பல கதவுகளை ஓசையின்றி மூடிவிடுகிறது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரியையும் எழுப்பிய ஊர்கள் நம்முடையவை. கல்வியின் அருமையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எந்தப் பாடப்பிரிவு எங்கே கொண்டுசெல்லும் என்பதை மட்டும் யாரேனும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007ஆம் ஆண்டு தமிழக அரசு வழங்கிய 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கல்வி இடங்களுக்கும் உரியது. லெப்பை, தக்கனி முஸ்லிம், ஷேக், சையது முதலிய பிரிவினர் அதில் அடங்குவர். உரிய சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல், கடைசி நாளில் தாலுகா அலுவலகத்து வாசலில் நிற்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பணம் கட்டிப் படிக்கும் இடமாயின், கட்டுமுன் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே ஒரு மாணவருக்கு எத்தனை மணி நேரம். வாய்மொழியாகச் சொல்லி எழுத்தில் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

“பெண்ணுக்கு இந்த வேலை பொருந்துமா?” என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. இரவுப் பணி, ஆடவரோடு நிற்பது, முழங்கைவரை கையைத் திறந்து கழுவுவது ஆகியவை அவர்களின் தயக்கங்கள். இவற்றை இகழ்வதற்கில்லை, பேசித் தீர்க்க வேண்டியவை. தலைமுடியை முழுவதும் மறைப்பது அறுவை அரங்கின் சட்டமே. அங்கே மூடாத தலைதான் குற்றம். பிரிட்டனில் பயன்படுத்தியபின் எறிந்துவிடும் மேற்கைகளை அணியலாம் என 2010இல் அரசு வழிகாட்டுதல் வெளியாயிற்று. டெர்பி நகரின் அரச மருத்துவமனை 2019 டிசம்பரில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய தலைத்துணிகளை அறிமுகம் செய்தது. வேலையில் சேருமுன் கேட்டால் இங்கும் வழி பிறக்கும். இரவுப் பணி உண்டு. அதை மறைக்க மாட்டேன். போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் என்ன ஏற்பாடு என்று முதல்நாளே கேளுங்கள்.

அதே வேளையில் எதிர்க்கேள்வி ஒன்றையும் நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மனைவியும் மகளும் மேசையில் மயங்கிக் கிடக்கும்போது அவர்கள்மேல் துணியைப் போர்த்துபவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். திண்டிவனத்தில் அந்த இரவு திரும்பிச் சென்ற மூவரும் விரும்பியது அதைத்தான். ஆனால் அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும்?

சிறு நர்சிங் ஹோம்களில் வார்டு உதவியாளராகச் சேர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் நின்றே கற்றுக்கொண்ட சகோதரர்கள் நம் ஊர்களில் பலர். அவர்களின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. சில இளம் டாக்டர்களே அவர்களைக் கேட்டு நடப்பதுண்டு. ஆனால் பதிவேடு என்று ஒன்று வரும்போது அது கைகளைப் பார்ப்பதில்லை, காகிதத்தைப் பார்க்கும். அத்தகையோர் இப்போதே தம் பணி அனுபவச் சான்றுகளை ஆண்டுவாரியாக எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆம்பூர்ப் பெண்ணிடம் அந்த வேலூர்ச் சகோதரி சொன்ன திண்டுக் கதையைச் சொன்னேன். இடுக்கிகளின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தவள், “எந்தப் பக்கம் வைக்க வேண்டும்?” என்று கேட்டாள். “வலப்பக்கம்” என்றேன். நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். நல்லவேளையாக அவள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவள், மதிப்பெண்ணும் குறைவில்லை. சாதிச் சான்றிதழுக்கு மட்டும் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அவளுடைய தாய் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தாலுகா ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க? எனக்கு ஷிஃப்ட் எட்டரைக்கு.”